பிபெல் ப்ராசஸ் நடுவழியில் நின்றால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆர்டர் உள்ளே போயிருக்கிறது, பதில் வரவில்லை. லாகைத் திறந்தால் பிழை என்று ஒரு வரியும் இல்லை. பல வெப் சர்வீஸ்களை ஒரே வேலையோட்டமாகக் கோக்கும் பிபெல் (BPEL) மொழியில் எழுதிய ப்ராசஸ்களைப் பராமரிப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. ஃபால்ட், அதாவது ஓடும்போது எழும் பிழை, விழுந்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சத்தமே இல்லாமல் காத்துக்கொண்டிருக்கும் இன்ஸ்டன்ஸ்தான் (ப்ராசஸின் ஒரு தனி ஓட்டம்) நாள்கணக்கில் நேரத்தைத் தின்னும். அதனால் இதில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டர் ப்ராசஸ்: ஆர்டரை வாங்கும், இருப்பு இருக்கிறதா என்று ஒரு சர்வீஸைக் கேட்கும், பணம் பிடிக்கும் சர்வீஸை அழைக்கும், டெலிவரி சர்வீஸுக்குத் தகவல் அனுப்பிவிட்டு அதன் பதிலுக்குக் காத்திருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன், ப்ராசஸை ஓட்டும் எஞ்சினின் கன்சோலில் அந்த இன்ஸ்டன்ஸைத் தேடுங்கள். அங்கே தெரிய வேண்டியது ஒன்றுதான்: இன்ஸ்டன்ஸ் உருவாகவே இல்லையா, எங்கோ காத்திருக்கிறதா, ஃபால்ட்டில் முடிந்ததா, ஒழுங்காக முடிந்தும் விடை தப்பா? இந்த நான்கில் எது என்று தெரியாமல் கோடைத் திறப்பது வீண் வேலை. காத்திருக்கிறது என்றால் எந்த ஆக்டிவிட்டியில், அதாவது எந்தப் படியில், என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ரிசீவ்3', 'அசைன்7' என்று எடிட்டர் தானாக வைத்த பெயர்களே இருந்தால் இந்த இடத்திலேயே அவதிதான். 'டெலிவரி பதிலுக்குக் காத்திருப்பு' என்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தைத் தயவுசெய்து செலவழியுங்கள்.

இன்ஸ்டன்ஸ் உருவாகவே இல்லை

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மெசேஜை வாங்கும் முதல் ரிசீவில் 'கிரியேட்இன்ஸ்டன்ஸ்' எஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அடுத்து, வரும் மெசேஜின் பாடியில் உள்ள முதல் எலிமென்ட்டின் நேம்ஸ்பேஸும் (அந்தப் பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்) சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல்லில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா பாருங்கள். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் அது வேறு நேம்ஸ்பேஸ்தான். மூன்றாவது, நம் ப்ராசஸை இன்னொரு சேவையோடு இணைக்கும் பார்ட்னர் லிங்க். நம் ப்ராசஸ் வழங்கும் சேவைக்கு 'மைரோல்', நாம் அழைக்கும் சேவைக்கு 'பார்ட்னர்ரோல்'. இரண்டும் இடம் மாறியிருந்தால் எஞ்சின் நம் முகவரியைத் திறந்தே வைக்காது. அப்பாச்சி ஓடிஇ போன்ற எஞ்சின்களில் டெப்ளாய் ஃபைல் என்று தனியாக ஒன்று உண்டு. பார்ட்னர் லிங்க் ஒவ்வொன்றும் எந்தச் சர்வீஸோடு, எந்தப் போர்ட்டோடு சேர்கிறது என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். பிபெல் ஃபைலில் புதிதாக ஒரு லிங்க் சேர்த்துவிட்டு இதில் சேர்க்க மறப்பது எல்லோரும் செய்வதுதான்.

காத்துக்கொண்டே இருக்கிறது, ஃபால்ட்டும் இல்லை

டெலிவரி சர்வீஸிடமிருந்து பதில் வந்துவிட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள். நம் ப்ராசஸ் இன்னும் வரவில்லை என்கிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். நடுவில் நிற்பது கோரிலேஷன்.

ஒரே ப்ராசஸுக்கு ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இன்ஸ்டன்ஸ்கள் இருக்கலாம். வரும் பதில் இவற்றில் யாருக்கு என்பதை எஞ்சின் முகவரியை வைத்து முடிவு செய்வதில்லை, மெசேஜுக்குள் இருக்கும் ஒரு மதிப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நம் உதாரணத்தில் அது ஆர்டர் எண். அதை மெசேஜின் எந்த மூலையிலிருந்து எடுப்பது என்று சொல்வது ப்ராப்பர்ட்டி ஏலியஸ். எடுத்த மதிப்பைச் சேமித்து ஒப்பிடுவது கோரிலேஷன் செட். ஒப்பீட்டில் பொருந்தவில்லை என்றால் பதில் எந்த இன்ஸ்டன்ஸுக்கும் போய்ச் சேராது. காத்திருக்கும் இன்ஸ்டன்ஸுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. அதனால்தான் அதன் லாகில் ஒன்றும் இருப்பதில்லை.

செய்ய வேண்டியது இது. நாம் அனுப்பிய மெசேஜை அப்படியே, எடிட்டர் அழகுபடுத்தாத மூல வடிவில் எடுங்கள். வந்த பதிலையும் அப்படியே எடுங்கள். ஏலியஸில் எழுதியிருக்கும் எக்ஸ்பாத்தை (மெசேஜுக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் பாதை) இரண்டின் மேலும் தனித்தனியாக ஓட்டி, கிடைக்கும் இரண்டு மதிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். நான் பார்த்த ஒரு கேஸில் நாங்கள் அனுப்பியது 001047, திரும்பி வந்தது 1047. எதிர்ப்பக்கம் அதை எண்ணாக வாங்கி எண்ணாகவே அனுப்பியிருந்தது. ப்ராப்பர்ட்டியின் வகை ஸ்ட்ரிங் என்று இருந்ததால் எஞ்சினுக்கு இரண்டும் வேறு வேறு. இன்னொரு முறை மதிப்புக்குப் பின்னால் ஒரு வரி முறிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் பார்த்தால் தெரியாது, எழுத்துகளை எண்ணினால்தான் தெரியும். ஒவ்வொரு மெசேஜ் வகைக்கும் தனி ஏலியஸ் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. போகும் மெசேஜுக்கு எழுதியது வரும் மெசேஜுக்குச் செல்லாது.

மதிப்புகள் ஒன்றாகவே இருக்கின்றன, ஆனாலும் சேரவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது 'பேட்டர்ன்'. சர்வீஸை அழைத்துப் பதிலையும் வாங்கும் இன்வோக்கில் கோரிலேஷனைப் போகும் மெசேஜிலிருந்து எடுப்பதா, வரும் மெசேஜிலிருந்து எடுப்பதா என்று சொல்வது அது. டிராக்கிங் எண்ணை நாம் கொடுப்பதில்லை, டெலிவரி சர்வீஸ்தான் தன் பதிலில் கொடுக்கிறது என்றால் 'ரெஸ்பான்ஸ்' என்று இருக்க வேண்டும்.

அப்புறம் நேரம். நாம் தகவல் அனுப்பிய கணத்திலேயே எதிர்ப்பக்கம் பதில் அனுப்பிவிடலாம். அந்த நேரத்தில் நம் ப்ராசஸ் இன்னும் ரிசீவை எட்டியிருக்காது. சில எஞ்சின்கள் அந்தப் பதிலை எடுத்து வைத்துக்கொள்ளும், சில தள்ளிவிடும். டெஸ்டில் ஓடி, லோடு ஏறியதும் நின்றுபோகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இன்வோக்குக்கும் அதன் ரிசீவுக்கும் நடுவே வேறு வேலை எதையும் வைக்காதீர்கள். லாக் எழுதுவது, மெயில் அனுப்புவது எல்லாம் இன்வோக்குக்கு முன்னால் போகட்டும், இல்லாவிட்டால் ரிசீவுக்குப் பின்னால் போகட்டும்.

காத்திருப்பது ரிசீவில் இல்லை, 'வெயிட்'டிலோ 'ஆன்அலாரம்'மிலோ என்றால் கால அளவைப் பாருங்கள். எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் முறையில் பி, டி, 5, எம் என்று எழுதினால் 5 நிமிடம். நடுவில் உள்ள டி விட்டுப்போனால் அதுவே 5 மாதம். இரண்டும் செல்லுபடியாகும் மதிப்புகள் என்பதால் எந்த வேலிடேட்டரும் கத்தாது, ப்ராசஸ் பொறுமையாக 5 மாதம் உட்கார்ந்திருக்கும். இந்த மதிப்பு ஓர் எக்ஸ்பிரஷன் என்பதால் அதைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறியும் வேண்டும். விட்டால் எஞ்சின் அதை எலிமென்ட் பெயர் என்று நினைத்துத் தடுக்கி விழும். ஆனால் அந்தத் தவறு ஃபால்ட்டாகவே வந்துவிடும். காத்திருக்காமல் உடனே தாண்டிப்போகிறது என்றால், 'அன்டில்' கொடுத்த நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டதா, நேர மண்டலம் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

கோரிலேஷன்வயலேஷன்

கோரிலேஷன் செட்டைத் தொடங்கிவைக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்; அங்கே 'இனிஷியேட்' எஸ், மற்ற இடங்களில் நோ. எங்கேயும் எஸ் இல்லை என்றாலும் இந்த ஃபால்ட், இரண்டு இடத்தில் எஸ் என்றாலும் இதே ஃபால்ட். லூப்பில் முதல் சுற்று ஒழுங்காக ஓடி இரண்டாவது சுற்றில் விழுகிறது என்றால் காரணம் தெளிவு: செட் ப்ராசஸ் மட்டத்தில் இருக்கிறது, இரண்டாவது முறை தொடங்க முடியாது. லூப்புக்குள் ஒரு ஸ்கோப் (தனக்கென வேரியபிள்களும் ஹேண்ட்லர்களும் வைத்துக்கொள்ளும் கட்டம்) போட்டு, செட்டை அதற்குள் நகர்த்திவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் புது செட். இரண்டு மெசேஜில் எது முதலில் வரும் என்று தெரியாத நிலைக்காக பிபெல் 2.0இல் 'ஜாயின்' என்ற மூன்றாவது மதிப்பைச் சேர்த்திருக்கிறார்கள்: தொடங்கியிருக்காவிட்டால் தொடங்கும், தொடங்கியிருந்தால் ஒப்பிடும்.

செலக்ஷன்ஃபெய்லியர்

மதிப்பை எடுத்து வேறிடத்தில் எழுதும் அசைனில் ஒரு காப்பி என்றால், அதன் மூலப் பாதை சரியாக ஒரே ஒரு நோடைத்தான் காட்ட வேண்டும். பூஜ்யம் வந்தாலும் தப்பு, இரண்டு வந்தாலும் தப்பு.

பூஜ்யம் வருவதற்குப் பெரும்பாலும் நேம்ஸ்பேஸ்தான் காரணம். மெசேஜில் டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் இருக்கிறது, எலிமென்ட்டுகளுக்கு ப்ரிஃபிக்ஸ் (நேம்ஸ்பேஸைக் குறிக்கும் முன்னொட்டு) இல்லை. அதைப் பார்த்து எக்ஸ்பாத்திலும் ப்ரிஃபிக்ஸ் இல்லாமல் எழுதுகிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் எக்ஸ்பாத் 1.0இல் ப்ரிஃபிக்ஸ் இல்லாத பெயர் என்றால் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத எலிமென்ட் என்றுதான் அர்த்தம். மெசேஜின் டீஃபால்ட் அங்கே செல்லாது. பிபெல் ஃபைலின் தலையில் ஒரு ப்ரிஃபிக்ஸை அறிவித்து, பாதையின் ஒவ்வொரு படியிலும் அதைப் போடுங்கள். ஒவ்வொரு படியிலுமா என்பது ஸ்கீமாவில் உள்ள 'எலிமென்ட்ஃபார்ம்டீஃபால்ட்'டைப் பொறுத்தது. 'குவாலிஃபைட்' என்றால் எல்லாப் படிக்கும் ப்ரிஃபிக்ஸ். அதைக் குறிப்பிடவே இல்லை என்றால் 'அன்குவாலிஃபைட்', அப்போது உள்ளே இருக்கும் லோக்கல் எலிமென்ட்டுகளுக்கு ப்ரிஃபிக்ஸ் கூடாது. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் நாள் முழுக்கப் பாதையை மாற்றி மாற்றி எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு வருவது வேறு கதை. ஒரு பொருள் உள்ள ஆர்டர் ஓடுகிறது, இரண்டு பொருள் உள்ள ஆர்டர் விழுகிறது என்றால் பாதை எல்லாப் பொருள்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. எண் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அல்லது 'ஃபார்ஈச்' போடுங்கள்.

எழுதும் பக்கத்திலும் இதே ஃபால்ட் வரும். இல்லாத எலிமென்ட்டில் மதிப்பை எழுத முடியாது. முதலில் ஒரு லிட்டரலாக, காலி எலிமென்ட்டுகளோடு முழுக் கூட்டையும் வேரியபிளில் வைத்துவிட்டு அப்புறம் நிரப்புங்கள். கட்டாயமில்லாத எலிமென்ட்டுக்கு 'இக்னோர்மிஸ்ஸிங்ஃப்ரம்டேட்டா' உண்டு. மூலத்தில் ஒன்றும் கிடைக்காதபோது அந்தக் காப்பியை மட்டும் விட்டுவிட்டுப் போகும். பாதை தப்பாக எழுதியிருந்தாலும் அது வாயை மூடிவிடும் என்பதால் எல்லாக் காப்பியிலும் அதை அள்ளித் தெளிக்க வேண்டாம்.

நிபந்தனை எப்போதும் ஒரே பக்கம் போகிறது

'அங்கீகரிக்கப்பட்டது' என்று ஓர் எலிமென்ட், மதிப்பு ஃபால்ஸ். அந்தப் பாதையை மட்டும் இஃப் நிபந்தனையாக எழுதினால் விடை ட்ரூ. எக்ஸ்பாத் 1.0 அங்கே நோடு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதை ஸ்ட்ரிங்காக மாற்றிக் கொடுத்தாலும் தப்பிக்க முடியாது. காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் ட்ரூதான், 'ஃபால்ஸ்' என்ற ஸ்ட்ரிங் உட்பட. மதிப்பை நேரடியாக ஒப்பிட்டு எழுதுங்கள். ஸ்கீமா பூலியனில் ட்ரூ என்பதை 1 என்றும் எழுதலாம் என்பதால் இரண்டோடும் ஒப்பிடுங்கள்.

எண் நிபந்தனை எப்போதும் ஃபால்ஸ் ஆகிறது என்றால் மதிப்பு காலியாகவோ, நடுவில் காற்புள்ளியோடோ வருகிறதா பாருங்கள். 1,200 என்பது எக்ஸ்பாத்துக்கு எண்ணே இல்லை. எண் இல்லாத ஒன்று எதைவிடவும் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை.

கேட்ச் எழுதியும் ஃபால்ட் அகப்படவில்லை

ஃபால்ட்டின் பெயர் நேம்ஸ்பேஸோடு சேர்ந்தது. டபிள்யூஎஸ்டிஎல்லில் போர்ட் டைப் இருக்கும் டார்கெட் நேம்ஸ்பேஸும் ஃபால்ட்டின் பெயரும் சேர்ந்தால்தான் முழுப்பெயர். ப்ரிஃபிக்ஸ் வேறு எங்கோ சுட்டினால் கேட்ச் சும்மா நிற்கும். எதிர்ச் சர்வீஸ் டபிள்யூஎஸ்டிஎல்லில் அறிவிக்காத ஃபால்ட்டை அனுப்பினாலும் நெட்வொர்க் அறுந்தாலும் பெயர் சொல்லும் கேட்ச் பிடிக்காது. அதற்கு எஞ்சின் வைக்கும் சொந்தப் பெயர் வேண்டும், அல்லது கேட்ச்ஆல் வேண்டும். ஃபால்ட் ஹேண்ட்லருக்குள்ளேயே புது ஃபால்ட் பிறந்தால் அதே ஸ்கோப் அதைப் பிடிக்காது, வெளி ஸ்கோப்புக்குத்தான் போகும். ப்ராசஸ் தலையில் 'எக்ஸிட்ஆன்ஸ்டாண்டர்ட்ஃபால்ட்' எஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் செலக்ஷன்ஃபெய்லியர் போன்ற தரநிலை ஃபால்ட்டுகள் எந்த கேட்ச்சுக்கும் போகாமல் ப்ராசஸை அங்கேயே முடித்துவிடும்.

பணம் பிடித்தாயிற்று, திருப்பித் தரவில்லை

இந்த அறிகுறியை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். மற்றவை நம் நேரத்தைத்தான் தின்கின்றன, இது அடுத்தவர் பணம்.

பணம் பிடிக்கும் ஸ்கோப்பில் திருப்பித் தரும் காம்பன்சேஷன் ஹேண்ட்லர் (முடிந்த வேலையை ஈடுகட்டும் பகுதி) எழுதியிருக்கிறோம். டெலிவரி முடியாது என்று ஃபால்ட் வந்தால் பணம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில், வெளி ஸ்கோப்பில் ஒரு கேட்ச்ஆல் சேர்த்து, பிழை வந்தால் மெயில் போகும்படி செய்கிறார். அன்றிலிருந்து மெயில் போகிறது, பணம் திரும்புவதில்லை.

காரணம் இது: ஃபால்ட் ஹேண்ட்லர் எழுதாத ஸ்கோப்புக்கு பிபெல்லே ஒன்றை வைத்துக்கொள்கிறது. அது முடிந்துபோன உள் ஸ்கோப்புகளை, முடிந்த வரிசைக்குத் தலைகீழாக காம்பன்சேட் செய்துவிட்டு, ஃபால்ட்டை மேலே அனுப்பும். நாமே கேட்ச்ஆல் எழுதியதும் அந்த இயல்பான ஹேண்ட்லர் போய்விடுகிறது. அதோடு காம்பன்சேஷனும் போய்விடுகிறது. நம் கேட்ச்ஆலின் முதல் வேலையாக 'காம்பன்சேட்' போடுங்கள்; மேலே தெரிய வேண்டும் என்றால் கடைசியில் 'ரீத்ரோ'.

அதைப் போட்டும் திரும்பவில்லையா? அந்த ஸ்கோப் ஒழுங்காக முடிந்ததா என்று பாருங்கள். காம்பன்சேஷன் ஹேண்ட்லர் உயிர் பெறுவது ஸ்கோப் வெற்றிகரமாக முடிந்த பிறகுதான். பணத்தைப் பிடித்த பிறகு அதே ஸ்கோப்புக்குள் ரசீது எழுதும் வேலை விழுந்தால், அந்த ஸ்கோப் முடிந்த கணக்கில் வராது, அதன் ஹேண்ட்லரும் ஓடாது. அதனால் வெளியுலகைத் தொடும் ஒரு செயலுக்கு ஒரு ஸ்கோப் என்று சின்னதாக வையுங்கள், ரசீது வேறு ஸ்கோப்பில் இருக்கட்டும்.

திருப்பிய பணம் தப்பான ஆளுக்குப் போகிறது, அல்லது ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை திரும்புகிறது என்றால் வேரியபிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கோப்புக்குள் அறிவித்த வேரியபிள், அந்த ஸ்கோப் முடிந்தபோது இருந்த மதிப்போடு காம்பன்சேஷனுக்குக் கிடைக்கும். பரிவர்த்தனை எண்ணை ப்ராசஸ் மட்டத்தில் வைத்து லூப்பில் மேலே மேலே எழுதியிருந்தால், எல்லாச் சுற்றின் காம்பன்சேஷனுக்கும் கடைசி எண்தான் கிடைக்கும். வேரியபிளை ஸ்கோப்புக்குள் நகர்த்துங்கள்.

ஜாயின்ஃபெய்லியர், அல்லது ஓர் ஆக்டிவிட்டி சத்தமில்லாமல் தாண்டப்படுகிறது

பிபெல் 2002இல் பிறந்தது இரண்டு மொழிகள் சேர்ந்து. ஐபிஎம்மின் டபிள்யூஎஸ்எஃப்எல் கோடுகளால் இணைத்த வரைபடம் போல எழுதுவது, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்லாங் கட்டம் கட்டமாக அடுக்குவது. சீக்வன்ஸும் வைலும் இரண்டாவது வழி, ஃப்ளோவுக்குள் வரும் லிங்க்குகள் முதல் வழி. இரண்டையும் கலக்கும் இடத்தில்தான் இந்தப் பிழை முளைக்கிறது.

ஓர் ஆக்டிவிட்டிக்கு இரண்டு லிங்க் வந்தால், எதுவும் சொல்லாவிட்டால் ஒன்று ட்ரூவாக இருந்தால் போதும். ஆனால் முதல் லிங்க் ட்ரூ ஆனதுமே அது ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள். வரும் லிங்க்குகள் அத்தனையின் நிலையும் தெரிந்த பிறகுதான் நிபந்தனையையே பார்க்கும். எல்லாமே ஃபால்ஸ் என்றால் ஜாயின்ஃபெய்லியர். 'சப்ரஸ்ஜாயின்ஃபெய்லியர்' எஸ் என்றால் ஃபால்ட் வராது, அந்த ஆக்டிவிட்டி தாண்டப்படும், அதிலிருந்து போகும் லிங்க்குகளும் ஃபால்ஸ் ஆகும். இப்படி ஒரு சங்கிலியே ஓடாமல் போய், ப்ராசஸ் வெற்றி என்று முடியும். எது ஓடவில்லையோ அதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு லிங்க்காக நடந்துபோய், முதலில் ஃபால்ஸ் ஆன இடத்தைப் பிடியுங்கள்.

அழைத்தவருக்கு டைம்அவுட், நம் பக்கம் வெற்றி

போய்வரும் வகையாக வைத்த ஆபரேஷனில் மணிக்கணக்கான வேலை நடக்கிறது. ப்ராசஸ் காத்திருக்கத் தயார், எச்டிடிபி இணைப்பு தயாரில்லை. டைம்அவுட்டைக் கூட்டுவது தற்காலிகம்தான். வாங்கியதும் ஒரு சின்ன ஒப்புகையை அனுப்பிவிட்டு, முடிவைத் தனி கால்பேக்காக அனுப்புங்கள். 'மிஸ்ஸிங்ரிப்ளை' வந்தால் ஏதோ ஒரு கிளையில் ரிப்ளை இல்லாமலே முடிந்திருக்கிறது, பெரும்பாலும் ஃபால்ட் ஹேண்ட்லரில்.

பழைய ப்ராசஸைப் புது எஞ்சின் ஏற்கவில்லை

பிபெல் 1.1 வந்தது 2003இல், தரநிலை அமைப்பான ஓயாசிஸ் 2.0ஐ தரநிலையாக்கியது 2007 ஏப்ரலில். நேம்ஸ்பேஸே வேறு, ஆனால் அதை மாற்றினால் மட்டும் போதாது. 'ஸ்விட்ச்' இப்போது 'இஃப்', 'டெர்மினேட்' இப்போது 'எக்ஸிட்'. வேரியபிளை எடுக்க 'கெட்வேரியபிள்டேட்டா' என்ற ஃபங்ஷனுக்குப் பதில் டாலர் குறியோடு வேரியபிள் பெயர். ஒரு குறிப்பிட்ட ஸ்கோப்பை மட்டும் காம்பன்சேட் செய்ய 'காம்பன்சேட்ஸ்கோப்'. கோரிலேஷன் பேட்டர்னில் 'இன்', 'அவுட்' இருந்த இடத்தில் 'ரெஸ்பான்ஸ்', 'ரிக்வெஸ்ட்': இன்வோக்கின் பார்வையில் அவுட் என்பதுதான் ரிக்வெஸ்ட், அவசரத்தில் தலைகீழாக மாற்றிவிடாதீர்கள்.

திருத்தி டெப்ளாய் செய்தாயிற்று, அதே பிழை

முதலில் அந்த இன்ஸ்டன்ஸ் தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். திருத்துவதற்கு முன்பே தொடங்கியது என்றால் அது பழைய பதிப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாச்சி ஓடிஇ புதிய பதிப்பை ஏற்றியதும் பழையதை ஓய்வுக்கு அனுப்பும். புது இன்ஸ்டன்ஸ் அதில் பிறக்காது, ஆனால் ஏற்கெனவே ஓடுபவை அதிலேயே ஓடி முடியும். ஆகவே பழைய இன்ஸ்டன்ஸை வைத்துத் திருத்தத்தைச் சோதிக்காதீர்கள், புது ஆர்டர் ஒன்றை அனுப்புங்கள். நடுவில் நிற்கும் பழையவற்றை நிறுத்துவதற்கு முன், ஒவ்வொன்றிலும் பணம் பிடித்தாயிற்றா என்று வேரியபிளைத் திறந்து பாருங்கள். கன்சோலிலிருந்து வலுக்கட்டாயமாக நிறுத்தினால் காம்பன்சேஷன் ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. பிடித்திருந்தால் பணத்தைக் கையால் திருப்பிவிட்டு, அதற்கான குறிப்பை எழுதி வைத்துவிட்டு, பிறகு நிறுத்துங்கள்.